ஒன்றாம் பெட்டிக்கு ஒரு வணக்கம்

ஆப்பிளைப் பாதிதான் உரித்திருந்தார்கள்.

ஆளை முழுதாக முடித்திருந்தார்கள்!

ஷிரானாமி எக்ஸ்பிரஸ். ஒன்றாம் பெட்டி. கடல் பக்கத்து ஜன்னலோர சீட்டில் ஒரு கிழவர். கழுத்துவரை போர்வை. முகத்தில் மாஸ்க். கண்ணுக்குக் கறுப்புப் பட்டை. பார்க்கிறவர்களுக்கு நிம்மதியான தூக்கம்.

நம் ரயில்களில் தூங்குகிறவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். பக்கத்து சீட்காரர் தோளில் சாய்ந்து எச்சில் ஒழுகவிட்டாலும் அசையாமல் உட்கார்ந்திருந்து, இறங்க வேண்டிய ஊரைத் தவறவிடுகிற நல்லவர்கள் நாம். கொலைகாரர்களுக்கு இப்படியொரு வசதி வேறு எந்த நாட்டிலும் கிடையாது.

ஆனால் இந்தக் கிழவர் எழுப்பச் சொல்லியிருந்தார்.

கண்டக்டர் மியாகோ குனிந்தாள். வெள்ளைக் கையுறை போட்ட விரல்களால் அவர் தோளைத் தொட்டாள்.

"ஐயா... உராசே வரப்போகுது. எழுப்பச் சொன்னீங்களே."

கிழவர் எழவில்லை.

சரிந்தார்.

போர்வை நழுவியது. இடது விலாவில் பழம் நறுக்கும் கத்தி... பிடிவரை! தாங்கிப் பிடித்த மியாகோவின் வெள்ளைக் கையுறை இரண்டும் சிவப்பு!

ஓர் அலறல் கேட்டது.

மியாகோ அலறவில்லை. கிழவரைத் தவிர அந்தப் பெட்டியில் இருந்த ஒரே பயணி, வெந்நீர் ஊற்று விடுதி நடத்தும் தமாயோ அம்மாள்தான் அலறினாள். அலறியபோதும் மடியில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் விடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே உராசே ஸ்டேஷன் வந்தது. பனி மூடிய காலி பிளாட்பாரம். ரயில் அங்கே நிற்பதில்லை.

போய்விட்டது.

* * *

மூன்றாம் பெட்டியில் இன்ஸ்பெக்டர் ஒகிட்சு தன் கடைவாய்ப் பல்லோடு போராடிக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கத்தான் கடைசி ஸ்டேஷனான இசோநாகிக்குப் போகிறார். லீவு போட்டிருந்தார்.

லீவு போட்ட போலீஸ்காரன் இருக்கிற ரயிலில்தான் கொலை நடக்கும்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ஒன்றாம் பெட்டிக்கு வந்தார். பிணத்தைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். மடிப்பலகையில் பாதி உரித்த ஆப்பிளைப் பார்த்தார்.

"கத்தி இவரோடதா?"

"ஆமா சார்," என்றாள் மியாகோ. "ஏறினதும் பையிலேருந்து எடுத்து வெச்சாரு."

"ரயிலை நிறுத்தச் சொல்லு."

"நிறுத்தக் கூடாது," என்றது ஒரு குரல்.

திரும்பினார்.

பெட்டி வாசலில் குரெமோத்தோ நின்றிருந்தார். ஹோகுயோ ரயில்வேயின் தலைவர். நரைத்த தலை, படிய வாரியது. விறைப்பான கழுத்து. அந்தக் கழுத்து வளைந்து பார்த்தவர்கள் கிடையாது என்று கம்பெனியில் பெருமையாகவே சொல்வார்கள். இரண்டாம் பெட்டி முழுவதையும் தனக்காக எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், குடைபோல மடங்கிய ஒரு மனிதர். வக்கீல் அரிமா.

"நான் யாருன்னு தெரியும் இல்ல?"

"தெரியும் சார். பெட்டிக்குப் பெட்டி உங்க படம் மாட்டியிருக்கு. கக்கூஸுக்கு எதிர்த்தாப்ல."

அரிமா இருமினார்.

"நிறுத்தினா எங்க நிறுத்துவீங்க?" குரெமோத்தோ குரலை உயர்த்தாமலே பேசினார். உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு வந்ததே இல்லை. "ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் பனி. ஒத்தைத் தண்டவாளம். அடுத்த நிறுத்தம் இசோநாகிதான். அங்க எனக்காக மந்திரி காத்திருக்காரு. பேண்டு வாத்தியம் காத்திருக்கு. தேசியப் பயணிகள் பாதுகாப்பு விருது வாங்கப் போறேன்."

"பொணத்தோடவா?"

"பொணத்துக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே."

ஒகிட்சுவுக்குப் பல் விண்ணென்று தெறித்தது. ஆனாலும் அந்த ஆள் சொன்னதில் நியாயம் இருந்தது. பனியில் நின்றால் போலீஸ் வர இரவாகிவிடும். டிரைவர் மூலம் இசோநாகிக்குத் தகவல் சொல்லச் சொன்னார்.

"அப்புறம் இன்ஸ்பெக்டர்," என்றார் குரெமோத்தோ. "நீங்க ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேண்டாம். கொலைகாரி உங்க பக்கத்துலதான் நிக்கிறா."

மியாகோ நிமிர்ந்தாள்.

"இவ கையைப் பாருங்க."

"பொணம் இவ மேல சரிஞ்சிருக்கு சார். கையில பட்டிருக்கு."

"இவ பேரைப் பாருங்க."

மார்பில் குத்தியிருந்த பெயர் அட்டை. இசெகி மியாகோ.

"உராசே ஸ்டேஷன் மாஸ்டர் இசெகியோட மக," என்றார் குரெமோத்தோ. "பனிப்புயல்ல கண்ணு தெரியாம பச்சைக் கொடி காட்டின மனுஷன். ஒரு ஸ்கூல் பொண்ணோட கழுத்துத் துணி கதவுல மாட்டி, பிளாட்பாரம் முழுக்க இழுத்துட்டுப் போச்சு வண்டி. பொண்ணு செத்தது. விசாரணையில அவன்தான் தப்பு பண்ணினான்னு முடிவாச்சு. கடல்ல இறங்கிட்டான். போனாப் போகுதுன்னு இவளுக்கு நாங்க வேலை போட்டுக் குடுத்தோம்."

"சரி. அதுக்கும் இந்தக் கிழவருக்கும் என்ன?"

"இந்தக் கிழவன் தெராவுசி. அன்னிக்கு அந்த வண்டியை ஓட்டின டிரைவர். 'ஸ்டேஷன் மாஸ்டர் கொடி காட்டினாரு, நான் கிளப்பினேன்'னு விசாரணையில சொன்னது இவன்தான்."

குரெமோத்தோ கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"இசோநாகி வந்ததும் இவளை ஒப்படைச்சிடுங்க. பத்திரிகைக்காரங்களுக்கு நானே சொல்லிக்கிறேன். எங்க கம்பெனி எதையும் மறைக்காது."

அரிமா தலையாட்டினார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

* * *

பெட்டியின் கோடியில் மியாகோவின் சின்ன அறை. ரயிலுக்குக் கடைசி அதுதான். கண்ணாடிக்கு அப்பால் தண்டவாளம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அதாவது, கிழவரிடம் போக இரண்டே வழி. இரண்டாம் பெட்டியிலிருந்து வரவேண்டும். இல்லையென்றால் இந்த அறையிலிருந்து.

"அவர் சொன்னதெல்லாம் நெசமா?"

"நெசம் சார்."

"கொன்னியா?"

"என்னோட நெலமைல ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க சார்." அவள் கையுறையைக் கழற்றாமல், கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். "டிக்கெட் பாக்கப் போனேன். என் பேரை வாசிச்சாரு. அழுதாரு. 'உங்க அப்பா கொடி காட்டவே இல்லம்மா. கண்டக்டர்தான் பிளாட்பாரத்தைப் பாக்காமலே கதவைச் சாத்திட்டு எனக்கு மணி அடிச்சான். நான் பொய் சொன்னேன்'னாரு."

ஒகிட்சு கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"இன்னிக்கு எதுக்கு வந்தாராம்?"

"அதைச் சொல்லத்தான். விருது குடுக்கற மேடையில, எல்லாக் கேமராவுக்கும் முன்னாடி. டாக்டர் அவருக்கு நாள் குறிச்சுட்டாராம். போறதுக்கு முன்னாடி உராசே பிளாட்பாரத்தை ஒரு தடவை பாக்கணும், எழுப்பி விடும்மான்னாரு."

"கண்டக்டர் யாரு?"

"நெகிஷின்னு ஒருத்தரு. விசாரணை முடிஞ்சதும் வேலையை விட்டுட்டாரு. எங்க போனாருன்னே யாருக்கும் தெரியாது. 'எங்க இருக்காருன்னு மேடையில சொல்றேன்'னு சொன்னாரு தெராவுசி." அவள் நிறுத்தினாள். "எங்க அப்பா பேரைக் காப்பாத்தக் கூடிய ஒரே ஆளு சார் அவரு. அவரை நான் எதுக்குக் கொல்லணும்?"



இந்த ரயிலில் தெராவுசி உயிரோடு இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கக்கூடியவள் இவள் ஒருத்திதான். இவளைத்தான் கைவிலங்கோடு இறக்கச் சொல்கிறார்கள். இசோநாகிக்குப் போய்ச் சேர்வதற்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால், அப்பனுக்கு நடந்ததுதான் மகளுக்கும்.

* * *

"உக்காருங்க இன்ஸ்பெக்டர். இஞ்சி ஊறுகாய் சாப்பிடறீங்களா?"

"பல்வலிம்மா."

"அப்ப மோந்து பாருங்க." தமாயோ அம்மாள் பெட்டியை மூடினாள். "நான் பாத்ததைச் சொல்லணும். ஆனா என்னைக் கோர்ட்டுக்கெல்லாம் இழுக்கக் கூடாது. சீசன் நேரம். சமையக்காரன் தனியா இருந்தா மீனைத் திருடுவான்."

"என்ன பாத்தீங்க?"

"கிளம்பினதுலேருந்து பாத்துக்கிட்டுதான் வந்தேன். நடுவுல கொஞ்சம் கண் அசந்துட்டேன். என் குறட்டைச் சத்தத்துலயே முழிச்சேன். அப்ப ஒருத்தர் அந்தப் பெரியவர் சீட்டுகிட்ட குனிஞ்சு நின்னுக்கிட்டிருந்தாரு."

"யாரு?"

"கோட்டு. மாஸ்க். இந்த ரயில்ல எல்லாருமே கோட்டும் மாஸ்க்கும்தானே? உங்களையே நான் அடையாளம் சொல்ல முடியாது."

"சண்டை போட்டாரா? சத்தம்?"

"ஒண்ணும் இல்ல. போர்வையை நல்லா இழுத்து விட்டாரு. அக்கறையான புள்ளைன்னு நெனச்சேன். அப்புறம் அந்தப் பக்கம், ரெண்டாம் பெட்டிக்குப் போற கதவுகிட்ட போனாரு. போனவரு திரும்பி நின்னு, பெட்டிக்கு ஒரு வணக்கம் வெச்சுட்டுப் போனாரு."

"பெட்டிக்கா?"

"பெட்டிக்குத்தான். கண்டக்டருங்க வைப்பாங்களே, ஒரு பெட்டியிலேருந்து அடுத்த பெட்டிக்குப் போறப்ப. அது மாதிரி. எவ்வளவு மரியாதையான பயணின்னு நெனச்சேன். எங்க விடுதிக்கு வர்றவனுங்க பில்லைக்கூட முதுகைக் காட்டிக்கிட்டுதான் குடுக்கறானுங்க."

ஒகிட்சு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்படி வணக்கம் வெச்சாரு? செஞ்சு காட்டுங்க."

தமாயோ அம்மாள் எழுந்தாள். இரண்டு குதிகாலையும் ஒட்டி வைத்தாள். வலது கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். இல்லாத எதையோ பிடித்து எடுத்தாள். நெஞ்சில் வைத்தாள். இடுப்புவரை குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"தலையில என்ன எடுத்தாரு?"

"ஒண்ணும் இல்லையே. வெறுந்தலை. சொறிஞ்சுக்கிட்டாருன்னு நெனச்சேன்."

ஒகிட்சு மறுபடி மியாகோவின் அறைக்குப் போனார்.

"நீ பெட்டிக்கு எப்படி வணக்கம் வைப்ப? காட்டு."

அவள் கையை முன்னால் கோத்து லேசாகக் குனிந்தாள். தொப்பி தலையிலேயே இருந்தது.

"தொப்பியைக் கழட்ட மாட்டியா?"

"நாங்க கழட்டறதில்ல சார். முன்னாடி காலத்துல கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டுக் குனிவாங்க. நான் சேர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அதை மாத்திட்டாங்க." அவள் கண்களை மூடித் திறந்தாள். "ஏன் சார்?"

ஒகிட்சு இரண்டாம் பெட்டியின் கதவைப் பார்த்தார். பல்வலியைச் சுத்தமாக மறந்திருந்தார்.

கோட்டைக் கழற்றலாம். பெயரைக்கூடக் கழற்றலாம். வருஷக்கணக்கில் ஒவ்வொரு கதவிலும் வளைந்த முதுகு இருக்கிறதே... அதைக் கழற்ற முடியாது!

* * *

"என்ன, ஒப்புக்கிட்டாளா?"

குரெமோத்தோ ஒன்றாம் பெட்டியின் நடுவில், இரண்டு சீட்டுகளின் முதுகில் கைகளை ஊன்றி, அரசன்போல நின்றிருந்தார்.

"இன்னும் இல்ல சார். ஒரு சின்ன சந்தேகம். நீங்க இந்தப் பெட்டிக்கு முன்னாடி வந்தீங்களா?"

"நானா? இப்பத்தான், அலறல் கேட்டு. அதுவரைக்கும் ரெண்டாம் பெட்டியை விட்டு அசையலை. அரிமா சாட்சி."

"அசையலை," என்றார் அரிமா. அவரும் அசையாமல்.

"நல்லது. உங்களுக்கு ரயில் வேலை பழக்கம் உண்டா?"

குரெமோத்தோ சிரித்தார். "கம்பெனி மலரைப் படிங்க இன்ஸ்பெக்டர். டோக்கியோவுல சட்டம். அப்புறம் நேரா தலைமை அலுவலகம். நான் டிக்கெட் கிழிச்சவன் இல்ல."

"சரி சார். பெட்டியை சீல் வைக்கணும். எல்லாரும் ரெண்டாம் பெட்டிக்குப் போயிடுங்க. ஒவ்வொருத்தரா. எதையும் தொடாம."

தமாயோ அம்மாள் முதலில் போனாள், சாப்பாட்டுப் பெட்டியோடு. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தாள்.

மியாகோ போனாள். கதவருகே நின்றாள். திரும்பினாள். கை கோத்து லேசாகக் குனிந்தாள். போனாள்.

அரிமா போனார். எந்தப் பெட்டிக்கும் அவர் வணக்கம் வைக்கவில்லை. பெட்டி சம்பளம் தருவதில்லை.

கடைசியில் குரெமோத்தோ. விறைப்பாக நடந்தார். கதவை அடைந்தார். மந்திரி, பேண்டு வாத்தியம், மேடை, விருது... மனசு இசோநாகிக்கு எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது.

கால்கள் நின்றன.

குதிகால்கள் ஒட்டின.

உடம்பு திரும்பியது. வலது கை மேலே போனது... நரைத்த தலையில் இல்லாத தொப்பியை எடுத்தது... நெஞ்சில் வைத்தது...

யாருக்கும் வளையாத அந்தக் கழுத்து, ஒரு பிணமும் ஓர் இன்ஸ்பெக்டரும் மட்டும் இருந்த பெட்டிக்கு வளைந்தது!

"இதேதான்," என்றாள் தமாயோ அம்மாள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "இவரேதான்."

குரெமோத்தோ நிமிர்ந்தார். தன் கையைப் பார்த்தார். அது இன்னும் நெஞ்சில்தான் இருந்தது. யாரோ வேறு ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது... மரியாதை. செத்தவருக்கு."

"தொப்பி எங்க சார்?"

"என்ன தொப்பி?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். சட்டம் படிச்சவங்க தொப்பியைக் கழட்டித்தான் வணக்கம் வைப்பாங்களா?" ஒகிட்சு நெருங்கினார். "கோட்டுக் கையைக் கொஞ்சம் மேல தள்ளுங்க."

"நீங்க யார்கிட்ட பேசறீங்கன்னு..."

ஒகிட்சுவே தள்ளினார்.

உள்சட்டையின் மணிக்கட்டு மடிப்பில் ரத்தம். காய்ந்து, பழுப்பாக!

"ரெண்டாம் பெட்டியை விட்டு அசையாத ரத்தம்," என்றார் ஒகிட்சு. "கடைசியா ஒண்ணு சார். நீங்க பழைய முதலாளி வீட்டோட மாப்பிள்ளையா போனவரு, ஊருக்கே தெரியும். மாமனார் பேரை எடுத்துக்கிட்டீங்க. குரெமோத்தோ ஆகுறதுக்கு முன்னாடி உங்க பேர் என்ன?"

குரெமோத்தோ அரிமாவைப் பார்த்தார்.

"முனிசிபாலிட்டிக்கு ஒரு போன் அடிச்சாத் தெரிஞ்சுடும்."

"நெகிஷி," என்றாள் மியாகோ.

மெல்லத்தான் சொன்னாள். அந்தப் பெயர் ஒரு கல்போலப் போய் அவர் மேல் விழுந்தது.

"பனி," என்றார் குரெமோத்தோ. குரல் உடைந்திருந்தது. "பயங்கரப் பனி அன்னிக்கு. பிளாட்பாரமே தெரியலை. வண்டி லேட்டு. லேட்டானா என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது... மத்தவங்க முன்னாடி நிக்க வெச்சு, புல்லு புடுங்க விடுவாங்க. எட்டிப் பாக்காம கதவைச் சாத்தினேன். மணி அடிச்சேன். ஆமா, நான்தான். இசெகி கொடியைத் தூக்கவே இல்ல. கையை ஆட்டிக் கத்தினான். பாத்தேன். ஆனா அதுக்குள்ள..."

"ஐயா," என்றார் அரிமா. அன்று அவர் சொந்தமாகச் சொன்ன முதல் வார்த்தை. "இனிமே ஒரு எழுத்து பேசக்கூடாது. கோர்ட்டுலகூட நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது."

குரெமோத்தோ வாயை மூடினார். பெரிய மனிதர்கள் கடவுளுக்கு அடங்க மாட்டார்கள். வக்கீலுக்கு அடங்குவார்கள்.

* * *

இசோநாகி.

பேண்டு வாத்தியம் முழங்கியது. குரெமோத்தோ கைவிலங்கோடு இறங்கியபோதும் முழங்கியது. வாத்தியக்காரர்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. மந்திரி பூச்செண்டை நீட்டினார், விலங்கைப் பார்த்தார், பூச்செண்டைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் காருக்கு ஓடினார். அரிமா ஒவ்வொரு மைக்கிடமும் "ஒன்றும் சொல்வதற்கில்லை" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பிணத்தை இறக்கினார்கள். ஒன்றாம் பெட்டியைக் கழற்றிப் பக்கத் தண்டவாளத்தில் தள்ளினார்கள். மீதி ரயில் திரும்பிப் போகவேண்டும். துப்புரவுப் பெண்கள் ஏறி, சீட்டுகளை ஒவ்வொன்றாக எதிர்த் திசைக்குத் திருப்பினார்கள். திருப்பிய சீட்டுகள் பார்ப்பதற்கு ஒன்றும் நடக்காததுபோல இருந்தன.

பிளாட்பாரத்தில் மியாகோ நின்றிருந்தாள். புதுக் கையுறை போட்டிருந்தாள்.

"முடிஞ்சுதும்மா," என்றார் ஒகிட்சு. "உங்க அப்பா மேல இருந்த பழி போயிடுச்சு. நாலு பேர் காதுல விழ அவர் வாயாலயே சொல்லிட்டாரு. இனி யாராலயும் மாத்த முடியாது."

"மாத்த முடியாது இல்ல சார்?"

"முடியாது. கொலைக்கு மட்டும் அரிமா ஏதாவது கதை கட்டுவாரு. பேச வந்தேன், நான் வர்றப்பவே செத்துக் கெடந்தான், பயந்துபோய் மூடிட்டு வந்துட்டேன், அப்படின்னு. கூறுகெட்ட கதை. எவனும் நம்ப மாட்டான்."

மியாகோ கடலைப் பார்த்தாள்.

"கதை இல்ல சார்."

"என்ன?"

"அதுதான் நடந்தது."

பேண்டு வாத்தியம் ஒருவழியாக நின்றது. திடீரென்று வந்த அமைதியில் கடல் கேட்டது.

"ஆப்பிள் உரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு," என்றாள். "அப்பா கொடி காட்டலைன்னு. அழுதாரு. மன்னிச்சிடும்மான்னாரு. அப்புறம் ஒரு துண்டு நறுக்கி எங்கிட்ட நீட்டினாரு. 'சாப்பிடு, இனிப்பா இருக்கு'ன்னாரு."

ஒகிட்சு அவளுடைய புதுக் கையுறையைப் பார்த்தார்.

"அப்பா போனப்பறம் அம்மா வருஷா வருஷம் அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல போய்க் குனிஞ்சு நிப்பா சார். பனியில. அவங்க கதவைத் திறக்கவே மாட்டாங்க. கடைசி வருஷம் குனிஞ்சவளால நிமிர முடியலை. தூக்கிக்கிட்டு வந்தோம். செய்யாத தப்புக்கு." அவள் குரல் அறிவிப்பு செய்வதுபோல ஒரே சீராக இருந்தது. "இந்த மனுஷனுக்கு எவ்வளவு சுலபமா இருக்குன்னு தோணுச்சு. ஒரு மைக். ரெண்டு சொட்டு கண்ணீர். வீட்டுக்குப் போய் நிம்மதியா சாவாரு. கத்தி பலகை மேல இருந்துது. எடுத்தது ஞாபகம் இருக்கு. அப்புறம்... போர்வை போத்திவிட்டேன். வெளிச்சம் படாம கண்ணுக்குப் பட்டை மாட்டினேன். அழுக்கான கையுறையை மாத்தினேன். எங்களுக்கு அப்படித்தான் பழக்கியிருக்காங்க."

"அப்புறம் எதுக்கும்மா நீயே போய் எழுப்பின? விட்டிருந்தா இங்க வர்ற வரைக்கும் யாருக்குமே தெரிஞ்சிருக்காதே."

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டதுபோல.

"உராசேல எழுப்பச் சொல்லியிருந்தாரே சார்."

ஒகிட்சு பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த ரயிலில் இன்ஸ்பெக்டர் ஏமாந்தார். விடுதிக்காரம்மாள் தூங்கினாள். வக்கீல் பொய்ச் சாட்சி சொன்னார். கொலைகாரி யாரென்று சரியாகச் சொன்ன ஒரே ஆள், வாழ்நாள் முழுக்கப் பொய்யாகவே வாழ்ந்த குரெமோத்தோதான்!

"நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா," என்றார் ஒகிட்சு, "அந்த ஆளு தூக்குல தொங்கியிருப்பான்."

"தெரியும் சார். நீங்க வணக்கத்தைப் பத்திக் கேட்டப்பவே தெரிஞ்சிடுச்சு. வழி நெடுக யோசிச்சேன். தொங்கட்டும்னுதான் நெனச்சேன்." அவள் தொப்பியைக் கழற்றினாள். "அப்பாவும் செய்யாத ஒண்ணுக்குத்தானே செத்தாரு. இன்னொருத்தரை அப்படி அனுப்ப என்னால முடியலை. அந்த ஆளா இருந்தாலும்."

கையுறைகளை உருவி, மடித்து, தொப்பிக்குள் வைத்தாள். வெறும் கைகளை நீட்டினாள்.

ஒகிட்சு இடுப்பைத் தடவினார்.

"விலங்கு அவர் கையில இருக்கும்மா. ஒண்ணுதான் கொண்டுவந்தேன்."

"பரவாயில்ல சார். நான் ஓட மாட்டேன்."

இருவரும் பிளாட்பாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். பின்னால் ரயில் கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தார். கதவைச் சாத்திச் சைகை கொடுக்க ஆள் இல்லை.

அன்றிரவே கொலை வழக்கிலிருந்து குரெமோத்தோவை விடுவித்தார்கள். பதவி போயிற்று. விருதுச் சான்றிதழை ஏற்கெனவே தபாலில் அனுப்பிவிட்டதாகக் கமிட்டி வருத்தம் தெரிவித்தது.

மறுநாள் காலை ஹோகுயோ ரயில்வேயின் மேலதிகாரிகள் கறுப்புக் கோட்டில் வரிசையாக வந்து கேமராக்களின் முன்னால் நின்றார்கள். ஒரு சிறுமியின் சாவு, ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் சாவு, ஒரு டிரைவரின் கொலை, ஒரு கண்டக்டரின் கைது. நாடே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில், இடுப்பு ஒடிய, தரையைப் பார்த்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

திரும்பும் ரயில் தாமதமாகக் கிளம்பியதற்கு!